சிறு அலுவலக சர்வரில் புதிய கார்டு: எந்த ஸ்லாட்டில் எதைப் போடுவது?

அச்சுக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் வடிவமைப்புப் பிரிவில் கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்ததும் ஆர்டர்கள் வரத் தொடங்கும். அன்றிலிருந்து டிசம்பர் வரை ஆறு வடிவமைப்பாளர்களும் ஒரே சர்வரிலிருந்து பெரிய கோப்புகளை எடுத்துத் திருத்தி மறுபடியும் அங்கேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாடிக்கையாளரின் வேலைக்கான ஃபோல்டர் 5 அல்லது 6 ஜிகாபைட் இருப்பது சாதாரணம். அதை ஒருவர் இறக்கவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகிறது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சர்வர், ஒற்றைச் செயலி கொண்ட டவர் வகை. ஜியான் இ-2224 செயலி, சி246 சிப்செட் (செயலிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் இடையே நிற்கும் துணைச் சில்லு), 32 ஜிகாபைட் ஈசிசி (பிழை திருத்தும்) மெமரி. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு கார்டு ஒன்றில் நான்கு ஹார்டு டிஸ்க்குகள், ஒவ்வொன்றின் தரவுக்கும் இன்னொன்றில் பிரதி இருக்கும் ரெய்டு 10 முறையில் இயங்குகின்றன. போர்டிலேயே இரண்டு ஜிகாபிட் போர்ட்டுகள் உள்ளன. இயங்குதளம் டெபியன் லினக்ஸ், கோப்புப் பகிர்வுக்கு சாம்பா மென்பொருள். இந்த ஆண்டு புதிய சர்வருக்கு வழியில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் கார்டுகள் வாங்கிக்கொள்ள அனுமதித்திருக்கிறார்.

10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டு ஒன்றும், நடப்பு வேலைகளை வைப்பதற்கு என்விஎம்இ கார்டு (ஸ்லாட்டிலேயே நேரடியாக இணையும் வேகமான எஸ்எஸ்டி) ஒன்றும் சேர்க்க நினைக்கிறேன். போர்டில் நான்கு ஸ்லாட்டுகள் இருக்கின்றன: மிக நீளமானது ஒன்று, நடுத்தர நீளத்தில் இரண்டு, மிகச் சிறியது ஒன்று. நடுத்தர ஸ்லாட்டுகளில் ஒன்றில் ரெய்டு கார்டு இருக்கிறது. நீளமான ஸ்லாட்டில் எந்தக் கார்டும் உட்காரும், நடுத்தரத்தில் நடுத்தரக் கார்டுகள் உட்காரும், அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை என்று கடைக்காரர் சொல்கிறார். அவ்வளவுதானா என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுக்கலாம் என்றுதான் இங்கே கேட்கிறேன்.

கம்பிவலை

கார்டு உட்காரும் என்று கடைக்காரர் சொன்னது சரிதான். ஆனால் உட்காருவதும் முழு வேகத்தில் ஓடுவதும் வேறு வேறு. பணத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு ஸ்லாட்டைப் பற்றியும் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் நீளம் அவற்றில் ஒன்று மட்டுமே, அதிலும் முக்கியத்துவத்தில் கடைசி இடம் அதற்குத்தான்.

உங்கள் போர்டில் இருப்பது போன்ற பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை ஸ்லாட்டில் தரவு, லேன்கள் எனப்படும் தனித்தனித் தடங்கள் வழியாகப் போய்வருகிறது. எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்8, எக்ஸ்16 என்று சொல்வது லேன்களின் எண்ணிக்கையைத்தான். இதில் பலரையும் குழப்புவது என்னவென்றால், பிளாஸ்டிக் ஸ்லாட் எத்தனை லேன் கார்டுக்கு இடம் தருகிறது என்பது ஒன்று, அந்த ஸ்லாட்டுக்கு உண்மையில் எத்தனை லேன்கள் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. எக்ஸ்16 நீளமுள்ள ஸ்லாட்டுக்கு எட்டு லேன்களை மட்டும் கொடுப்பதும், எக்ஸ்8 நீளமுள்ளதற்கு நான்கை மட்டும் கொடுப்பதும் சிறிய சர்வர்களில் வெகு சாதாரணம். தெருவின் முகப்பு அகலமாக இருந்தாலும் உள்ளே போகப் போகச் சந்தாகிவிடுவது போலத்தான் இது. எக்ஸ்8 கார்டை அப்படிப்பட்ட ஸ்லாட்டில் செருகினால் அது வேலை செய்யும், எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் நான்கு லேன்களில்தான் ஓடும்.

அடுத்தது தலைமுறை. ஒரு லேனில் ஒரு திசையில் நொடிக்கு முதல் தலைமுறையில் 250 மெகாபைட், இரண்டாம் தலைமுறையில் 500, மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 985, நான்காம் தலைமுறையில் கிட்டத்தட்ட 1,970 மெகாபைட் போகும். உங்கள் செயலியும் சிப்செட்டும் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்தவை. ஆனால் கார்டும் ஸ்லாட்டும் எந்தத் தலைமுறையில் ஒத்துப்போகின்றனவோ அந்த வேகத்தில்தான் இணைப்பு அமையும் என்பதால், இரண்டாம் தலைமுறைக் கார்டை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் ஒரு லேனுக்கு 500 மெகாபைட் மட்டுமே கிடைக்கும். பழைய சர்வர் கார்டுகளைக் குறைந்த விலைக்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

மூன்றாவது, அந்த லேன்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. உங்கள் இ-2224 செயலியிலிருந்து நேரடியாக வெளிவருவது 16 லேன்கள் மட்டுமே. மற்றவை எல்லாம் சி246 சிப்செட்டிலிருந்து வருகின்றன. சிப்செட்டுக்கும் செயலிக்கும் இடையே டிஎம்ஐ என்ற ஒரே இணைப்புத்தான் இருக்கிறது. அதன் கொள்ளளவு மூன்றாம் தலைமுறையின் நான்கு லேன்களுக்குச் சமம், அதாவது நொடிக்கு நாலு ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. சிப்செட் ஸ்லாட்டுகள், போர்டில் டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா போர்ட்டுகள், யூஎஸ்பி, ஜிகாபிட் போர்ட்டுகள் ஆகிய எல்லாமே அதைத்தான் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே கையேட்டையும் போர்டில் அச்சிட்டிருப்பதையும் பார்த்து, ஒவ்வொரு ஸ்லாட்டின் லேன் எண்ணிக்கை, தலைமுறை, செயலியிலிருந்து வருகிறதா சிப்செட்டிலிருந்து வருகிறதா என்ற மூன்றையும் எழுதுங்கள். அது இல்லாமல் எந்தக் கார்டையும் பரிந்துரைக்க நான் விரும்பவில்லை.

அச்சுக்கூடம்

மிக்க நன்றி ஐயா. நேற்று மாலை வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்தி, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்லாட்டின் ஓரத்திலும் போர்டிலேயே மிகச் சிறிய வெள்ளை எழுத்துகளில் விவரம் அச்சிடப்பட்டிருக்கிறது. கையேட்டில் உள்ள அட்டவணையும் அதனோடு பொருந்துகிறது.

முதல் ஸ்லாட் எக்ஸ்16 நீளமுள்ளது, ஆனால் எட்டு லேன்கள் மட்டுமே, செயலியிலிருந்து வருகிறது. இரண்டாவது எக்ஸ்8 நீளம், எட்டு லேன்கள், அதுவும் செயலியிலிருந்துதான். ரெய்டு கார்டு இருப்பது அதில். மூன்றாவதும் எக்ஸ்8 நீளம்தான், ஆனால் நான்கே லேன்கள், சிப்செட்டிலிருந்து. நான்காவது எக்ஸ்1, அதுவும் சிப்செட்டிலிருந்து. நான்குமே மூன்றாம் தலைமுறை.

நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு பார்த்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளிப்பார்வைக்கு இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரியான கறுப்பு ஸ்லாட்டுகள். ஆனால் மூன்றாவது ஸ்லாட்டின் உள்ளே ஒளியைச் சாய்த்து அடித்தபோது, முன்பாதியில் மட்டும் தங்க நிறத் தொடர்புகள் வரிசையாகத் தெரிந்தன. பின்பாதி வெறும் பிளாஸ்டிக் பள்ளமாக இருந்தது. கையேடு இல்லாதவர்கள்கூட இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

கம்பிவலை

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். எல்லாப் போர்டுகளிலும் அப்படி வெறுமையாக விட மாட்டார்கள்; சிலவற்றில் தொடர்புகள் முழுவதும் இருக்கும், லேன்கள் மட்டும் பாதியாக இருக்கும். ஆகவே பள்ளம் வெறுமையாக இருந்தால் அது உறுதியான சான்று; நிறைந்திருந்தால் கையேட்டைத்தான் நம்ப வேண்டும். மூடியைத் திறக்காமல் பார்க்க விரும்புபவர்கள் லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையின் ஸ்லாட் பகுதியைப் பார்க்கலாம். எந்த ஸ்லாட் காலி, எது எந்த வகை என்று அது சொல்லும். ஆனால் அது ஃபர்ம்வேர் (போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள்) தரும் தகவல். தயாரிப்பாளர் அதைக் கவனமாக நிரப்பியிருந்தால்தான் பயன்படும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 10 ஜிகாபிட் என்பது நொடிக்கு 1.25 ஜிகாபைட். சந்தையில் அதிகம் கிடைக்கும் இன்டெல் எக்ஸ்520 இரட்டைப் போர்ட் கார்டு இரண்டாம் தலைமுறை, எட்டு லேன். அதை மூன்றாவது ஸ்லாட்டில் போட்டால் நான்கு லேன் கணக்கில் நொடிக்கு 2 ஜிகாபைட் கிடைக்கும். ஒரு போர்ட்டுக்கு அது தாராளம். இரண்டு போர்ட்டுகளையும் ஒரே நேரத்தில் முழுமையாக ஓட்டுவதற்குப் போதாது. அந்தக் கார்டின் லினக்ஸ் டிரைவரே இயக்கம் தொடங்கும்போது, ஸ்லாட்டின் அகலம் போதவில்லை என்று பதிவேட்டில் எச்சரிக்கை எழுதிவைக்கும். ஒற்றைப் போர்ட்டை மட்டும் பயன்படுத்துபவர்கள் அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றுக்கு நான்கு லேன்கள் போதும். ஆகவே என்விஎம்இயை முதல் ஸ்லாட்டிலும் நெட்வொர்க் கார்டை மூன்றாவதிலும் வைத்தால் இரண்டும் நிறைவாக ஓடும் என்பது என் கருத்து. ரெய்டு கார்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

மின்னோடை

கம்பிவலை ஐயா சொன்ன அடிப்படைகளில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. கார்டுகளை வைக்கும் வரிசையில்தான் மாறுபடுகிறேன்.

இந்த சர்வரின் ஒரே வேலை கோப்புகளை நெட்வொர்க் வழியாகக் கொடுப்பது. என்விஎம்இ எவ்வளவு வேகமாக இருந்தாலும், வெளியே போகும் வழி 10 ஜிகாபிட்தான். நொடிக்கு 3 ஜிகாபைட் படிக்கக்கூடிய எஸ்எஸ்டியிலிருந்து ஒன்றேகால் ஜிகாபைட்டுக்கு மேல் யாருக்கும் போய்ச் சேரப் போவதில்லை. அப்படியிருக்கும்போது அதைச் செயலியின் ஸ்லாட்டில் வைப்பதால் கிடைக்கும் கூடுதல் பயனை எந்த வடிவமைப்பாளரும் உணர மாட்டார். தரவு எஸ்எஸ்டியிலிருந்து மெமரிக்கு வந்து, மெமரியிலிருந்து நெட்வொர்க் கார்டுக்குப் போகிறது. இரண்டில் எதைச் சிப்செட் பக்கம் வைத்தாலும் டிஎம்ஐயை ஒருமுறை கடந்தே ஆக வேண்டும். ஆகவே அந்தக் கணக்கில் இரண்டு ஏற்பாடும் சமம்.

வேறுபாடு வருவது பின்னாளில்தான். எக்ஸ்520 கார்டை முதல் ஸ்லாட்டில் வைத்தால் அதற்கு எட்டு லேன்களும் கிடைக்கும், நொடிக்கு 4 ஜிகாபைட். அடுத்த ஆண்டு இரண்டாவது போர்ட்டை ஒரு பேக்கப் சர்வருக்கு நேரடியாக இணைக்க விரும்பினால், எதையும் கழற்றாமல் கேபிளை மட்டும் செருகினால் போதும். என்விஎம்இ மூன்றாம் தலைமுறைக் கார்டாக இருப்பதால் மூன்றாவது ஸ்லாட்டின் நான்கு லேன்களையும் முழு வேகத்தில் பயன்படுத்திக்கொள்ளும். பழைய தலைமுறைக் கார்டுக்கு அதிக லேன், புதிய தலைமுறைக் கார்டுக்குக் குறைந்த லேன் என்று பிரித்துக் கொடுப்பதுதான் இருக்கும் ஸ்லாட்டுகளை முழுமையாகப் பயன்படுத்தும் வழி.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. வடிவமைப்பாளர்களின் ஆறு கணினிகளிலும் ஜிகாபிட் போர்ட்தானே இருக்கிறது? சர்வரில் மட்டும் 10 ஜிகாபிட் போட்டால், ஆறு பேர் சேர்ந்து எடுக்கும்போது வரும் நெரிசல் நீங்கும். ஆனால் தனியாக ஒருவர் ஒரு ஃபோல்டரை இறக்கும் நேரம் ஒரு நொடிகூடக் குறையாது. ஜிகாபிட்டில் நடைமுறையில் கிடைப்பது நொடிக்கு 110 மெகாபைட் அளவுதான்; 6 ஜிகாபைட்டுக்கு 54 நொடி. நீங்கள் சொன்ன ஒரு நிமிடம் அதுதான்.

அந்தக் கணினிகளில் காலியாக இருக்கும் எக்ஸ்1 ஸ்லாட்டில் 2.5 ஜிகாபிட் கார்டைப் போட்டுவிடுங்கள். அதற்குத் தேவை நொடிக்கு 312 மெகாபைட். இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 தருவது 500. இந்தச் சிறிய ஸ்லாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பயன் எனக்குத் தெரிந்து இல்லை. 2.5 ஜிகாபிட்டுக்கு சாதாரண கேட்5இ நெட்வொர்க் கேபிளே 100 மீட்டர் வரை போதும் என்பதால் சுவரை உடைத்துக் கேபிள் மாற்றும் வேலையும் இல்லை. 2.5 ஜிகாபிட் போர்ட்டுகளோடு ஓரிரு எஸ்எஃப்பி பிளஸ் (10 ஜிகாபிட்) போர்ட்டுகளும் உள்ள ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, சர்வரை எஸ்எஃப்பி பிளஸில் இணைத்துவிடுங்கள்.

வைகைக்கரை

தலைப்புக்கு நெருக்கமானது என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். எங்கள் தணிக்கை அலுவலகத்தில் எச்பிஇ மைக்ரோசர்வர் ஜென்8 ஒன்று இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது ஒரே ஒரு விரிவாக்க ஸ்லாட்: எக்ஸ்16 நீளம், இரண்டாம் தலைமுறை, குட்டை உயரக் கார்டு மட்டுமே நுழையும். உங்களைப் போல நான்கு ஸ்லாட்டுகள் இருப்பவர்களுக்கு எதை எங்கே வைப்பது என்பது கேள்வி; எங்களுக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதே கேள்வியாக இருந்தது.

என்விஎம்இ போடலாம் என்று முதலில் யோசித்தோம். அந்த சர்வரின் ஃபர்ம்வேரில் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறை இல்லாததால் என்விஎம்இயிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்க முடியாது. தரவு வைப்பதற்கு மட்டுமே பயன்படும். எங்கள் வேலை டேலி கோப்புகளும் வருமான வரிக் கோப்புகளும்தான். அவற்றுக்கு அளவு சிறியது, எண்ணிக்கை அதிகம். அதற்கு சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பெரிய மாற்றத்தைத் தந்துவிட்டது. டிஸ்க் வைக்கும் நான்கு பேக்களில் முதல் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் சாட்டா, மற்ற இரண்டும் 3 ஜிகாபிட் என்பதால் எஸ்எஸ்டிகளை முதல் இரண்டில் வைத்தோம். ஸ்லாட்டில் நெட்வொர்க் கார்டு போட்டோம்.

ஒரே ஸ்லாட் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். போர்டில் ஏற்கெனவே இருக்கும் போர்ட்டுகளால் எந்த வேலையைச் செய்ய முடியாதோ, அதற்கு மட்டும் ஸ்லாட்டைக் கொடுங்கள். டிஸ்க் இணைக்கச் சாட்டா இருக்கிறது. 10 ஜிகாபிட்டுக்கு வேறு வழி இல்லை.

அச்சுக்கூடம்

மின்னோடை அவர்களின் கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது. முதலாளியிடம் பேசுவதற்கும் அந்த 54 நொடிக் கணக்கு உதவும்.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். கடையில் ஒரே கார்டில் நான்கு எம்.2 (சிறிய பட்டை வடிவ) என்விஎம்இ எஸ்எஸ்டிகளைச் செருகக்கூடிய அடாப்டர் ஒன்றைக் காட்டினார்கள். விலையும் குறைவாகவே இருந்தது. இரண்டு எஸ்எஸ்டிகளை அதில் வைத்து மிரர் (ஒன்றின் அப்படியே பிரதி இன்னொன்றில்) செய்துகொள்ளலாமா? அடுத்தது, அச்சுத் தகடு தயாரிக்கும் பழைய பிளேட் செட்டர் இயந்திரத்துக்கான இணைப்புக் கார்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. அது பிசிஐ எக்ஸ்பிரஸ் அல்ல, பழைய பிசிஐ வகை. அந்தக் கணினி பழுதானால் அந்தக் கார்டை இந்த சர்வருக்கு மாற்ற முடியுமா?

கம்பிவலை

எஸ்எஸ்டியையும் நெட்வொர்க் கார்டையும் இடம் மாற்றி வைக்கச் சொன்ன வாதம் நியாயமானது. பின்னாளில் இரண்டாவது போர்ட் தேவைப்படும் என்றால் அந்த ஏற்பாடே மேல்.

நான்கு எஸ்எஸ்டி அடாப்டரைப் பற்றிக் கவனமாக இருங்கள். விலை குறைந்த அடாப்டர்களில் அறிவுள்ள சில்லு எதுவும் கிடையாது. 16 லேன்களை நான்கு நான்காகப் பிரித்து நேரடியாக எஸ்எஸ்டிகளுக்குக் கொண்டுபோகும் வெறும் கம்பித்தடம்தான் அது. பிரிக்க வேண்டியது செயலியும் ஃபர்ம்வேரும். இதை பைஃபர்கேஷன் என்பார்கள். உங்கள் செயலியின் 16 லேன்களை எக்ஸ்16 ஆகவோ, இரண்டு எக்ஸ்8 ஆகவோ, ஒரு எக்ஸ்8 இரண்டு எக்ஸ்4 ஆகவோ மட்டுமே பிரிக்க முடியும். நான்கு எக்ஸ்4 என்ற பிரிவே அதில் கிடையாது. உங்கள் போர்டில் ஏற்கெனவே இரண்டு எக்ஸ்8 ஸ்லாட்டுகளாகப் பிரித்துவிட்டார்கள். ஆகவே அந்த அடாப்டரை முதல் ஸ்லாட்டில் போட்டால், பயாஸில் (ஃபர்ம்வேர் அமைப்புகளில்) பிரிக்கும் வசதி இல்லாவிட்டால் ஒரு எஸ்எஸ்டி மட்டும் தெரியும். வசதி இருந்தால் அதிகபட்சம் இரண்டு. மூன்றாவது ஸ்லாட்டில் அந்த நீளக் கார்டு பொதுவாக உட்காராது; உட்கார்ந்தாலும் ஒரு எஸ்எஸ்டி மட்டுமே தெரியும். மற்றவை பழுதாகிவிட்டன என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். பழுது எதிலும் இல்லை.

ஸ்விட்ச் சில்லு பொருத்தப்பட்ட அடாப்டர்கள் தனியாக வருகின்றன. அவை எந்த ஸ்லாட்டிலும் எல்லா எஸ்எஸ்டிகளையும் காட்டும், கிடைக்கும் லேன்களை அவற்றுக்குள் பகிர்ந்து கொடுக்கும். விலை பல மடங்கு அதிகம். உங்களுக்கு 10 ஜிகாபிட்தான் எல்லை என்பதால், இரண்டு எஸ்எஸ்டி வைக்கும் ஸ்விட்ச் அடாப்டரை மூன்றாவது ஸ்லாட்டில் போட்டு மிரர் செய்தாலும் வேகத்தில் குறை தெரியாது. வாங்கும்போது பைஃபர்கேஷன் தேவையா இல்லையா என்று கேட்டு, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். வேலைக் கோப்புகளை மிரர் இல்லாமல் ஒற்றை எஸ்எஸ்டியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரெய்டு 10இல் இருந்தபோது இருந்த பாதுகாப்பை வேகத்துக்காக விட்டுவிடக் கூடாது.

பழைய பிசிஐ கார்டை இந்தப் போர்டில் செருகவே முடியாது. ஸ்லாட்டின் வடிவமும் மின்னிணைப்பும் முற்றிலும் வேறு. பிசிஐ என்பது எல்லாக் கார்டுகளும் நொடிக்கு 133 மெகாபைட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் பொதுவான பஸ் (தரவுப் பாதை). இரண்டுக்கும் இடையே பாலமாக அமையும் அடாப்டர்கள் விற்கின்றன. ஆனால் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கார்டுகளுக்குப் பழைய இயங்குதளமும் பழைய டிரைவரும் சேர்த்தே தேவைப்படும் என்பதால் அதை நம்பி இறங்க வேண்டாம். அதே வகைப் பழைய கணினி ஒன்றைத் தேடி வாங்கி, டிஸ்க்கின் பிரதியோடு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

திருகாணி

நான் சர்வர் சர்வீஸ் செய்பவன். லேன் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பொருத்தும்போது நின்றுபோகும் வேலைகளை அடிக்கடி பார்ப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சூடு. ரேக் சர்வருக்காகச் செய்யப்பட்ட 10 ஜிகாபிட் கார்டுகளிலும் எச்பிஏ (டிஸ்க் இணைப்பு) கார்டுகளிலும் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் மட்டும் இருக்கும், விசிறி இருக்காது. ரேக் சர்வரில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை வேகமாகக் காற்று பாயும் என்ற நம்பிக்கையில் செய்தவை அவை. டவரில் ஸ்லாட் பகுதியில் காற்று அவ்வளவாக நகராது. சித்திரை வைகாசியில் சிவகாசி அறையில் ஏசி இல்லாத இரவுகளில் அந்த ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியாது. சாதாரண நெட்வொர்க் கேபிள் செருகும் ஆர்ஜே45 இணைப்புள்ள பழைய 10 ஜிகாபிட் கார்டுகள் எஸ்எஃப்பி பிளஸ் கார்டுகளைவிட அதிக மின்சாரம் எடுத்து அதிகமாகச் சூடாகும். அந்த வகையைச் சேர்ந்த எக்ஸ்540 இரட்டைப் போர்ட் கார்டு 15 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஸ்விட்ச்சும் சர்வரும் ஒரே அலமாரியில் இருந்தால் எஸ்எஃப்பி பிளஸும் டிஏசி என்ற குறுகிய செப்புக் கேபிளும்தான் நல்லது. எக்ஸ்520 கார்டு சில நிறுவனங்களின் ஆப்டிக் மாட்யூல்களை ஏற்க மறுக்கும். சாதாரண டிஏசி கேபிளில் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இரண்டு கார்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்லாட் இடைவெளி விட முடிந்தால் விடுங்கள். உங்கள் ஏற்பாட்டில் முதலாவதும் மூன்றாவதும் புதிய கார்டுகள், நடுவில் ரெய்டு கார்டு என்று மூன்றும் நெருக்கமாக அமைகின்றன. ஆகவே பக்கவாட்டில் காற்று படும்படி சிறிய விசிறி ஒன்றைப் பொருத்துவது அவசியம்.

அடுத்தது பிராக்கெட், அதாவது கார்டைப் பெட்டியோடு திருகிப் பிடிக்கும் உலோகப் பட்டை. டவருக்கு முழு உயர பிராக்கெட் தேவை. பழைய கார்டுகள் பலவற்றில் குட்டை பிராக்கெட் மட்டுமே இருக்கும். அதைத் திருகாமல் அப்படியே தொங்கவிட்டால், எஸ்எஃப்பி கேபிளின் எடையே கார்டைச் சாய்த்துத் தொடர்பைக் கெடுக்கும். வாங்கும்போதே முழு உயர பிராக்கெட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பவர் கார்டையே பிடுங்கிவிட்டு, போர்டில் எரியும் சிறிய ஸ்டாண்ட்பை விளக்கு அணையும் வரை காத்திருந்து, பிறகு கையை உள்ளே விடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் ஆட்கள் இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். லினக்ஸில் நெட்வொர்க் போர்ட்டின் பெயர் பல நேரங்களில் பிசிஐ பஸ் எண்ணை வைத்தே அமைகிறது. புதிய கார்டு ஒன்றைச் செருகியதும் பஸ் எண்கள் நகர்ந்து, பழைய போர்ட்டின் பெயரே மாறிவிடலாம். அப்போது பழைய பெயருக்கு எழுதிவைத்த ஐபி முகவரி யாருக்கும் போய்ச் சேராது, சர்வர் நெட்வொர்க்கில் காணாமல் போய்விடும். விண்டோஸ் சர்வரிலும் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் அதைப் புதிய அடாப்டராகவே எடுத்துக்கொள்ளும். மானிட்டரும் கீபோர்டும் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இந்த வேலையைத் தொடங்குங்கள். முடிந்தால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய மாறாத மேக் முகவரியோடு பெயரைக் கட்டிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

மின்னோடை

நண்பர் திருகாணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கலாம். இரண்டு செயலிகளுக்கு இடமுள்ள சர்வரைப் பழையதாக வாங்கி, ஒரே செயலியோடு ஓட்டுபவர்கள் இந்த இழையைப் படிக்கக்கூடும். அவற்றில் சில ஸ்லாட்டுகள் இரண்டாவது செயலியிலிருந்து லேன் பெறுபவை. அந்தச் செயலி இல்லாதவரை அந்த ஸ்லாட்டுகளுக்கு உயிரே இருக்காது. கார்டு போட்டும் எதுவும் தெரியவில்லை என்றால் கார்டைக் குறை சொல்வதற்கு முன் கையேட்டில் அந்த ஸ்லாட் எந்தச் செயலிக்கு உரியது என்று பாருங்கள். அதுபோலவே, சில சர்வர்களில் தயாரிப்பாளரின் ரெய்டு கார்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஸ்லாட் ஒன்று இருக்கும். பார்வைக்குச் சாதாரண எக்ஸ்8 ஸ்லாட்டாக இருந்தாலும் வேறு கார்டை அது ஏற்காமல் போகலாம்.

அச்சுக்கூடம்

ஞாயிற்றுக்கிழமை வேலையை முடித்துவிட்டேன். முதல் ஸ்லாட்டில் எக்ஸ்520, மூன்றாவதில் ஸ்விட்ச் சில்லுள்ள இரட்டை எம்.2 அடாப்டர், இரண்டு எஸ்எஸ்டிகளும் மிரர். வடிவமைப்பாளர்களின் கணினிகளில் 2.5 ஜிகாபிட் கார்டுகள். திருகாணி அவர்கள் சொன்னபடி போர்ட் பெயர்களை மேக் முகவரியோடு கட்டிவைத்த பிறகே சர்வரை அணைத்தேன்.

பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டிப் பார்த்தேன். கார்டு எதற்குத் தகுதியானது என்று ஒரு வரியும், இப்போது எந்த வேகத்திலும் அகலத்திலும் இணைந்திருக்கிறது என்று இன்னொரு வரியும் காட்டுகிறது. நெட்வொர்க் கார்டுக்கு இரண்டு வரியிலும் எட்டு லேன், இரண்டாம் தலைமுறை வேகம். அடாப்டருக்குத் தகுதி வரியில் எட்டு லேன், நிலை வரியில் நான்கு. நீங்கள் எல்லோரும் முன்பே விளக்கியிருந்ததால் அதைப் பார்த்துக் கலங்கவில்லை.

நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் சோதனையில் ஒரு கணினிக்கு 2.35 ஜிகாபிட் வருகிறது. மூன்று கணினிகளில் ஒரே நேரத்தில் ஓட்டியும் எதுவும் குறையவில்லை. 6 ஜிகாபைட் ஃபோல்டர் இப்போது 22 நொடியில் இறங்குகிறது. ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இரவு பேக்கப் போர்டிலுள்ள யூஎஸ்பி போர்ட் வழியாக வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் போகிறது. அதுவும் எஸ்எஸ்டிகளும் இப்போது ஒரே டிஎம்ஐ வழியைப் பயன்படுத்துகின்றன. இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு அதனால் வேகம் குறையுமா?

கம்பிவலை

குறையாது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு 200 மெகாபைட் எழுதினாலே அதிகம். எஸ்எஸ்டியிலிருந்து படிப்பது டிஎம்ஐயில் செயலியை நோக்கிப் போகிறது, யூஎஸ்பிக்கு எழுதுவது எதிர்த்திசையில் வருகிறது. இரண்டு திசைகளுக்கும் தனித்தனிக் கொள்ளளவு உண்டு. நெட்வொர்க் கார்டு செயலியின் ஸ்லாட்டில் இருப்பதால் அது இந்த வழிக்கே வருவதில்லை. பேக்கப் நேரத்தில் வேகம் குறைந்தால், பேக்கப் மென்பொருளின் சுருக்கும் வேலை நான்கு கோர்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஸ்லாட்டைச் சார்ந்த விஷயம் அல்ல. அந்த வேலையின் முன்னுரிமையை நைஸ் கட்டளையால் குறைத்தால் சரியாகிவிடும்.